தேடிப் போன காலமும் தேடி வந்த காலமும்

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன்: "ஃபேஸ்புக், ட்விட்டர் எல்லாம் வந்த புதிதில் இணையம் பிரமாதமாக இருந்தது என்று நாற்பதைத் தாண்டியவர்கள் சொல்கிறார்கள். நிஜமாகவே அப்படி இருந்ததா, இல்லை வயதானவர்கள் புலம்பலா? நன்றாக இருந்தது என்றால் எப்போது கெட்டது, யார் கெடுத்தது?"

நானும் நாற்பதைத் தாண்டிய ஆள்தான். 2003 வாக்கில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தேன். அப்புறம் வந்த ஒவ்வொரு தளத்திலும் ஒரு கணக்கைத் திறந்தேன். அவற்றில் பாதிக்குக் கடவுச்சொல் இப்போது நினைவில் இல்லை. அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

பாதி புலம்பல், பாதி நிஜம் என்பது என் பதில். அன்றைய மனிதர்கள் இன்றைய மனிதர்களைவிட நல்லவர்கள் கிடையாது. அன்றைய நிறுவனங்களும் தர்மத்துக்குத் தளம் நடத்தவில்லை. ஆனால் ஒருவர் என்ன எழுதினார் என்று தெரிய வேண்டுமானால் அன்று அவர் பக்கத்துக்கு நாம் போக வேண்டும். போகாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான். இன்று நாம் எங்கும் போவதில்லை. எல்லாம் வந்து நிற்கிறது. எது வருவது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றித்தான்.

முதலில் புலம்பலை முடித்துவிடுவோம். "முன்பெல்லாம் நன்றாக இருந்தது" என்ற பேச்சு ஃபேஸ்புக்கைவிட வயதில் மூத்தது. யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களுக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வந்து குவிவார்கள். நடைமுறை தெரியாமல் கொஞ்ச நாள் கத்துவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். 1993க்குப் பிறகு வீட்டு இணைப்பு மூலமாகவும் ஆட்கள் வர ஆரம்பிக்க, புதியவர்களின் வரவு நிற்கவே இல்லை. "முடியாத செப்டம்பர்" என்று பழையவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். உலகத்தில் பெரும்பாலானோர் இணையத்தையே பார்த்திராத நாளில், இணையம் கெட்டுவிட்டது என்று ஒரு கூட்டம் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தது.

அன்று எல்லோரும் பண்பாகப் பேசினார்கள் என்பதும் கட்டுக்கதை. 2007 மார்ச்சில் கேத்தி சியரா என்ற தொழில்நுட்ப எழுத்தாளருக்கு வந்த கொலை மிரட்டல்களும் ஆபாசப் படங்களும் அவரை வீட்டைவிட்டு வெளியே வரப் பயப்பட வைத்தன. பேச ஒப்புக்கொண்டிருந்த மாநாட்டுக்கு அவர் போகவில்லை. ட்விட்டருக்கு அப்போது ஒரு வயதுதான். மிரட்டியவர்கள் வலைப்பதிவுகளையும் பின்னூட்டப் பெட்டிகளையும்தான் பயன்படுத்தினார்கள். அதைத் தொடர்ந்து தொழில்நுட்பப் புத்தகப் பதிப்பாளர் டிம் ஓ'ரெய்லி பதிவர்களுக்கு ஒரு நடத்தை நெறி வேண்டும் என்று முன்மொழிந்தபோது, நம் கூட்டத்தில் பெரும்பாலோர் அதைக் கிண்டல் செய்தார்கள். கருத்துச் சுதந்திரம் போச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு யாரும் மிரட்டல் அனுப்பியதில்லை; அனுப்பியிருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பேன்.

சரி, நிஜமான பாதிக்கு வருவோம்.

சமூக வலைத்தளம் என்று இன்று நாம் சொல்லும் வடிவம் 1997இல் ஆண்ட்ரூ வைன்ரிக் தொடங்கிய சிக்ஸ்டிகிரீஸிலேயே இருந்தது. ப்ரொஃபைல், நண்பர் பட்டியல், நண்பரின் நண்பர் எல்லாம் உண்டு. ஆனால் நம் நண்பர்களில் பலருக்கு அப்போது மின்னஞ்சலே கிடையாது. வந்தவர்களுக்கும் பட்டியலைப் பார்ப்பதைத் தவிர அங்கே வேலை இல்லை. 1999இல் சுமார் 12.5 கோடி டாலருக்குக் கைமாறி, சீக்கிரமே மூடிவிட்டது.

அடுத்து ஃப்ரெண்ட்ஸ்டர். ஜொனாதன் ஏப்ரம்ஸ் 2002இல் கட்டி, 2003இல் பரவிய தளம். இதன் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் பிற்பாடு நடந்த பல விஷயங்களின் விதை இதில் இருக்கிறது. யார் யாருக்கு எத்தனை கை தள்ளிய நண்பர் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு அடுக்கு வரை அது கணக்குப் போடும். கூட்டம் கூடியதும் அந்தக் கணக்கே தளத்தின் கழுத்தை நெரித்தது. பக்கம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். இது பொறியியல் தவறு, மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத தவறு வேறு. மக்கள் அங்கே விளையாட ஆரம்பித்தார்கள். கார்ட்டூன் பாத்திரங்கள், ஊர்கள், கல்லூரிகள், ராட்சதக் கணவாய் என்று எதன் பெயரிலாவது கணக்குத் திறந்து, அதைச் சுற்றி நண்பர்களைச் சேர்த்தார்கள். "ஃபேக்ஸ்டர்" என்று அவற்றுக்குச் செல்லப்பெயர். நிறுவனம் அவற்றைத் தேடித் தேடி அழித்தது. ஆட்கள் தங்கள் உண்மையான முகத்தோடு வந்து துணை தேட வேண்டும் என்பது முதலாளியின் திட்டம். வந்தவர்களுக்கோ பொழுது போக வேண்டும். முதலாளி ஜெயித்தார், தளம் காலியானது. 2003இல் கூகுள் 3 கோடி டாலர் தருகிறேன் என்றதை அவர்கள் மறுத்தது தனிச் சோகம். 2011இல் விளையாட்டுத் தளமாக உருமாறி, 2015இல் அடங்கிவிட்டது.

அங்கிருந்து துரத்தப்பட்டவர்களைக் கைநீட்டி வரவேற்றது 2003 ஆகஸ்டில் வந்த மைஸ்பேஸ். எனக்கு மைஸ்பேஸ் பிடிக்காது என்று அந்தக் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பக்கத்தைத் திறந்தால் பாட்டு தானாக அலறும். கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மின்னும். அவ்வளவு அசிங்கமான பக்கங்களை மனித குலம் அதற்கு முன்னால் ஒரே இடத்தில் சேர்த்து வைத்ததில்லை. இன்று நினைத்தால் அந்த அசிங்கத்தின் மேல் மரியாதை வருகிறது. ப்ரொஃபைலில், வலைப்பக்கத்தை அமைக்கும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் எழுதலாம் என்பது யோசித்து வைத்த வசதிகூட இல்லை. தடுக்க மறந்ததால் கிடைத்த ஓட்டை. அந்த ஓட்டை வழியாக, நிரல் எழுதுவதைக் கனவிலும் நினைக்காத பதினாறு வயதுப் பிள்ளைகள் யாரோ எழுதிய நிரல் வரிகளை வெட்டி ஒட்டி, உடைத்து, சரிசெய்து, ஒரு வலைப்பக்கம் எப்படி உருவாகிறது என்று கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்தத் தளமும் அந்த அளவு பேரை அப்படிக் கற்க வைத்ததில்லை.

ஓட்டை இருந்தால் பூச்சியும் வரும். 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற பத்தொன்பது வயது இளைஞர் தன் பக்கத்தில் ஒரு சிறு நிரலை ஒளித்து வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் தானாக அவருக்கு நண்பராகிவிடுவார். பார்த்தவரின் பக்கத்தில் "எல்லாவற்றுக்கும் மேலாக சாமிதான் என் ஹீரோ" என்ற வரி ஏறும். அவர் பக்கத்தைப் பார்ப்பவருக்கும் அதே கதி. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் நண்பர் கோரிக்கைகள். தளத்தையே நிறுத்தித்தான் அதைத் துடைத்தார்கள். எனக்கு இதில் சுவாரசியமாகத் தெரிவது தொழில்நுட்பம் இல்லை. ஒருவரின் பக்கம் இன்னொருவரின் பக்கத்துக்குத் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதை அன்று நாம் வைரஸ் என்று சொன்னோம். நாலைந்து வருடம் கழித்து அதே சொல்லை "வைரல்" என்று பாராட்டாக மாற்றிவிட்டோம்.

மைஸ்பேஸை 2005இல் ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப், அதன் தாய் நிறுவனத்தோடு சேர்த்து 58 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் கூகுளோடு 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம். அதில் ஒரு கொக்கி: இத்தனை பேர் வந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை. அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் விளம்பரம் மண்டியது. 2011இல் சுமார் 3.5 கோடி டாலருக்கு விற்றுக் கைகழுவினார்கள். கடைசியாக 2019இல், சர்வர் மாற்றும்போது 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு வருடப் பாட்டு! ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான இசைக்குழுக்களுக்கு அந்த ஒரு பிரதிதான் இருந்திருக்கும்.

(என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. நான் ஆறு வருடம் படங்கள் சேர்த்து வைத்திருந்த ஒரு தளம், முப்பது நாள் அவகாசம் தந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. நான் அந்த முகவரியைப் பார்ப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயர் எதற்கு, அந்தத் தளமே இப்போது இல்லை.)

ஆர்குட்டை ஒரு பத்தியில் முடிப்பது அநியாயம், ஆனாலும் முடிக்கிறேன். 2004 ஜனவரி 24 அன்று கூகுள் தொடங்கிய தளம். அதைக் கட்டிய ஆர்குட் புயுக்கோக்தென் பெயரையே வைத்தார்கள். அமெரிக்கா கண்டுகொள்ளவில்லை, பிரேசிலும் இந்தியாவும் குடியேறின. பிறர் பக்கத்தில் போய் ஸ்க்ராப் என்ற சின்னச் செய்தி எழுத வேண்டும், டெஸ்டிமோனியல் என்ற பாராட்டுக் குறிப்பு எழுத வேண்டும். பின்னூட்டத்தைப் போலவே அதிலும் மொய்க்கு மொய்தான்: நீ எனக்கு எழுதினால் நான் உனக்கு. நம்பகமானவர், கூலானவர், கவர்ச்சியானவர் என்று நண்பர்களுக்கு மதிப்பெண் போடும் வசதியும் இருந்தது. மனிதரை எண்ணால் அளக்கும் வியாதி லைக்கோடு வந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் ஆர்குட்டில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: உன் பக்கத்தை யார் எட்டிப்பார்த்தார்கள் என்று காட்டும். பார்ப்பவனுக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். இன்று யார் யார் எதை எத்தனை நொடி பார்த்தார்கள் என்பது நிறுவனத்துக்கு மட்டும் தெரியும், நமக்குத் தெரியாது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடினார்கள்.

இவற்றோடு கூடவே, பல சமயம் இவற்றைவிட உயிர்ப்போடு, வலைப்பதிவு உலகம் இருந்தது. ப்ளாகர், லைவ்ஜர்னல் இரண்டும் 1999இல் வந்தவை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வாசலில் பின்னூட்டம். நூறு வீட்டுக்கும் தினமும் நடக்க முடியாது என்பதால் வந்ததுதான், புதிய பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடை. 1999இல் நெட்ஸ்கேப்பில் பிறந்து, டேவ் வைனர் போன்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டே வளர்த்தது. யார் ஓடையை வாங்குவது என்று நான் தேர்ந்தெடுப்பேன். புதிதாக எழுதினால் வரும், எழுதாவிட்டால் வராது. நேர வரிசையில் இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், தீர்ந்துபோகும். கடைசிப் பதிவைப் படித்ததும் "இனி ஒன்றும் இல்லை" என்று ஒரு வெற்றுப் பக்கம் வரும். அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்து மூடிவைத்து எழுந்து போன தலைமுறை நாங்கள். உண்மையைச் சொன்னால் பல நாள் அது வராது. 2005இல் வந்த கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்பான், படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டினால் "1000+" என்று காட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சைக்குப் படிக்காத பிள்ளை போல வயிற்றைக் கலக்கும். 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடியது. பயன்பாடு குறைந்துவிட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம். அது கூகுள் தன் சமூக வலைத்தளமான கூகுள் ப்ளஸ்ஸை எல்லோர் வாயிலும் திணித்துக்கொண்டிருந்த காலம் என்பது நான் சொல்லும் காரணம்.

எனவே ஓடை என்பதே தீமை என்று நான் சொல்லவில்லை. லைவ்ஜர்னலில் நண்பர்கள் எழுதியதை எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் வசதி ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே இருந்தது. எழுதியவர் நண்பர்களுக்கு என்று எழுதினார், நண்பர்கள் படித்தார்கள். யாரும் கலவரம் செய்யவில்லை.

கலவரம் நடந்தது 2006 செப்டம்பர் 5 அன்று. ஃபேஸ்புக் அதுவரை ஒரு கல்லூரி மாணவர் விலாசப் புத்தகம் மாதிரிதான். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இருந்தார்கள். ஒருவரைப் பற்றித் தெரிய அவர் பக்கத்துக்குப் போவார்கள், சுவரில் எழுதுவார்கள், திரும்பி வருவார்கள். அன்று காலை உள்ளே நுழைந்தால் முதல் பக்கத்தில் நியூஸ் ஃபீட்: இன்னார் படம் மாற்றினார், இன்னார் இந்தக் குழுவில் சேர்ந்தார், இன்னாருக்கும் இன்னாருக்கும் உறவு முறிந்தது. இதில் எதுவுமே அதுவரை ரகசியம் கிடையாது. அந்தந்தப் பக்கத்தில் கிடந்ததுதான். ஆனால் முறிந்த காதல் என் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியாகக் கிடப்பதும், அதை ஊரெல்லாம் தமுக்கடித்துச் சொல்வதும் ஒன்றா? மாணவர்கள் கொதித்தார்கள். எதிர்ப்புக் குழுவில் சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். "அமைதி. மூச்சை இழுத்து விடுங்கள். நீங்கள் சொல்வது எங்களுக்குக் கேட்கிறது" என்ற பொருளில் தலைப்பு வைத்து மார்க் சக்கர்பெர்க் ஒரு பதில் எழுதினார். சில நாட்களில் தனியுரிமைக்கென்று சில பொத்தான்கள் வந்தன. ஃபீட் போகவில்லை.

அந்தக் குழு அவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கே நியூஸ் ஃபீட்தான் காரணம். "உன் நண்பர்கள் பதினைந்து பேர் நியூஸ் ஃபீடுக்கு எதிரான குழுவில் சேர்ந்துவிட்டார்கள்" என்று நியூஸ் ஃபீடே ஒவ்வொருவருக்கும் சொன்னது. கோபப்பட்டவர்கள் அதற்கு முன்பைவிட அதிக நேரம் தளத்தில் இருந்தார்கள். நிறுவனம் இதிலிருந்து என்ன பாடம் படித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எப்போது கெட்டது என்று கேட்டீர்கள். ஒரு தேதி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் கொடுப்பது இந்தத் தேதியைத்தான்.

உடனே எல்லாம் கெட்டுவிடவில்லை. அந்த ஃபீடும் ஓர் எல்லைக்குள்தான் இருந்தது. அதன் கரைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பக்கத்தின் அடியில் "அடுத்து" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி, போதுமா என்று தோன்றும். 2006 வாக்கில் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லாச் சுருள், அதாவது கீழே போகப் போக அடுத்தது தானாக வந்துகொண்டே இருக்கும் பக்கம், அந்த நொடியை எடுத்துவிட்டது. அதற்காகப் பிற்பாடு அவரே பகிரங்கமாக வருந்தினார். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் லைக் வந்தது. ஃப்ரெண்ட்ஃபீட் என்ற சின்னத் தளத்தில் 2007லேயே அது உண்டு. அந்தத் தளத்தையும் ஃபேஸ்புக் வாங்கிக்கொண்டது. லைக் வந்ததும் பின்னூட்டத்தில் பாதி செத்தது. அதுவரை ஒன்றைப் பிடித்தது என்று சொல்ல ஒரு வரியாவது எழுத வேண்டும். "அருமை" என்று எழுதவும் ஐந்தாறு விசை தட்டியாக வேண்டும். 2010 ஏப்ரலில் அந்தப் பொத்தானை மற்ற வலைத்தளங்களிலும் பதித்துக்கொள்ளலாம் என்றார்கள். நானும் என் வலைப்பதிவில் ஆசையாக வைத்தேன். யாரும் அழுத்தாவிட்டாலும், என் பக்கத்துக்கு யார் வந்தார்கள் என்பதை அது ஃபேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் புரிந்தது. என் வீட்டு வாசலில் நானே அவர்களுக்கு ஒரு காவலாளியை உட்கார வைத்திருக்கிறேன், சம்பளம் வாங்காமல்.

ட்விட்டர் கதை இன்னும் வலிக்கும், ஏனென்றால் அதை நான் காதலித்தேன். 2006 மார்ச் 21 அன்று, அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சியின் முதல் ட்வீட். எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. பெயருக்கு 20 ஒதுக்கியது போக மீதி 140. அவ்வளவுதான் கருவி. மற்றதை எல்லாம் மக்கள் செய்தார்கள். பெயருக்கு முன்னால் '@' போட்டுப் பதில் சொல்வது பயனர்கள் ஆரம்பித்த பழக்கம். '#' போட்டுத் தலைப்பைக் கோக்கலாமே என்று 2007 ஆகஸ்டில் யோசனை சொன்னவர் கிறிஸ் மெசினா. நிறுவனத்தில் வேலை பார்த்தவர் இல்லை. ட்வீட் என்ற சொல்லும் பறவையைச் சின்னமாக வைக்கும் பழக்கமும் ட்விட்டரிஃபிக் என்ற வெளியார் செயலியிலிருந்து வந்தவை. தேடும் வசதி, 2008இல் வாங்கிய சம்மைஸ் என்ற நிறுவனத்தினுடையது. இழுத்து விட்டால் புதுப்பிக்கும் அந்தக் கைப்பழக்கம், லோரன் ப்ரிக்டர் என்ற ஒற்றை ஆள் எழுதிய ட்வீட்டி செயலியில் பிறந்தது. கருப்பட்டியில் எறும்பு மொய்ப்பது போலக் கூட்டம் சேர்ந்து சர்வர் அடிக்கடி படுத்துவிடும். அப்போது பறவைகள் சேர்ந்து ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிச் செல்லும் படம் வரும். அதைப் பார்த்துக்கூட நாங்கள் சிரித்தோம், கோபப்படவில்லை. நம்முடையது என்ற எண்ணம்.

நம்முடையது இல்லை என்று 2012 ஆகஸ்டில் எழுத்துபூர்வமாகச் சொன்னார்கள். வெளியார் செயலிக்கு ஒரு லட்சம் பயனர்தான் வரம்பு, அதற்கு மேல் அனுமதி வாங்க வேண்டும் என்று புதிய விதி. 2023 ஜனவரியில் வெளியார் செயலிகளை ஒரேயடியாக வெட்டினார்கள். ட்விட்டரிஃபிக்கும் அதில் போனது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, இங்கே ஏணிதான் ட்வீட் என்று பெயரும் வைத்தது, பறவையையும் முதலில் காட்டியது.

ரீட்வீட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். ஆரம்பத்தில் அதுவும் கைவேலைதான். பிறர் எழுதியதைப் பிரதியெடுத்து, முன்னால் "ஆர்டி" என்ற இரண்டு எழுத்தையும் அவர் பெயரையும் போட்டு ஒட்ட வேண்டும். 140ஐத் தாண்டும், எனவே வெட்ட வேண்டும். வெட்ட வேண்டுமானால் படித்தாக வேண்டும். அந்த முப்பது நொடியில் பல அபத்தங்கள் சலிக்கப்பட்டுவிடும். 2009 நவம்பரில் அதைப் பொத்தானாக மாற்றிக் கொடுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் கிறிஸ் வெதரெல். பத்து வருடம் கழித்து ஒரு பேட்டியில் அவர் சொன்னார், நாலு வயதுக் குழந்தை கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்துவிட்டோமோ என்று தனக்குத் தோன்றியதாக. இந்த வெதரெல் யார் தெரியுமா? கூகுள் ரீடரைத் தொடங்கிக் கட்டியவர். தீர்ந்துபோகும் ஓடையைச் செய்த அதே கைதான் தீராத ஓடைக்கும் மதகைத் திறந்தது. அதனால்தான் நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கும் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதன் பிறகு நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 2016இல் ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையைக் கைவிட்டு, எது முதலில் வர வேண்டும் என்பதைக் கணக்கிடும் இயந்திரத்திடம் ஒப்படைத்தன. ஃபேஸ்புக் அதை எப்போதோ செய்துவிட்டது.

யார் கெடுத்தது என்ற கேள்விக்கு, பணம் என்பது சுலபமான பதில். பொய்யும் இல்லை. இலவசமாகக் கொடுத்து, முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, கடைசியில் விளம்பரத்துக்குக் கண்களை விற்பது என்று முடிவான பிறகு, "தீர்ந்துவிட்டது, எழுந்து போ" என்று எந்தத் தளம் சொல்லும்? வேறு வழி இல்லாமலும் இல்லை. 2004இல் வந்த, படங்கள் பகிரும் தளமான ஃப்ளிக்கர் வருடம் 24.95 டாலர் வாங்கிக்கொண்டு கூடுதல் வசதி கொடுத்தது. ஆட்கள் கொடுத்தார்கள், நானும் சில வருடம் கொடுத்தேன். ஒருவன் கட்டணம் கட்டிவிட்டால் அவனை ராத்திரி முழுக்க உட்கார வைத்திருக்க வேண்டிய அவசியம் தளத்துக்கு இல்லை. யாஹூ 2005இல் அதை வாங்கிக் கவனிக்காமல் போட்டது.

பணத்தைத் திட்டிவிட்டு நாங்கள், அதாவது அன்றைய தொழில்நுட்பப் பதிவர்கள், நழுவிவிட முடியாது. அந்தக் கலாச்சாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 2004இல் ஓ'ரெய்லியின் நிறுவனம், பயனர்களே பங்களிக்கும் புதிய இணையம் என்ற பொருளில் "வெப் 2.0" என்று மாநாடு நடத்தியதும் எல்லோரும் அதையே ஜெபித்தோம். ஆங்கிலத்தில் உயிரெழுத்தை விழுங்கிய பெயர்கள்: ஃப்ளிக்கர், டம்ப்ளர், ட்விட்டரே முதலில் உயிரெழுத்து இல்லாமல்தான் இருந்தது. மூலை மழுங்கிய பெட்டிகள், தண்ணீரில் தெரிவது போல நிழல் விழும் சின்னங்கள். எதைத் திறந்தாலும் "பீட்டா", அதாவது சோதனைப் பதிப்பு. ஜிமெயில் ஐந்து வருடம் பீட்டாவாகவே இருந்தது. அழைப்பு இருந்தால்தான் சேர முடியும் என்பதால் அதன் அழைப்பு ஒன்றுக்காக 2004இல் ஈபேயில் ஏலம் கேட்டார்கள். அழைப்பு கிடைத்தவன் அதைப் பற்றிப் பெருமையாக ஒரு பதிவு எழுதுவான். நானும் எழுதினேன். 2006இல் டைம் பத்திரிகை அந்த வருடத்தின் நபர் "நீங்கள்தான்" என்று அட்டையில் கண்ணாடி போல ஒன்றை ஒட்டி அனுப்பியபோது, எங்களில் பலருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. வேகமாகப் போ, உடைத்துக்கொண்டே போ என்ற பொருளில் ஃபேஸ்புக் வைத்திருந்த வாசகத்தை நாங்கள் தைரியம் என்று நினைத்தோம். எதை உடைப்பது, யாருடையதை உடைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

2007 நவம்பரில் அது தெரிந்தது. பீக்கன் என்ற ஏற்பாட்டில், வேறு தளங்களில் நீங்கள் வாங்கியதை ஃபேஸ்புக் உங்கள் நண்பர்களுக்கு அறிவிக்கும். ஒருவர் மனைவிக்கு ரகசியமாக வாங்கிய மோதிரம், விலைத் தள்ளுபடி உட்பட, மனைவி முதற்கொண்டு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மன்னிப்பு வந்தது, வழக்கு வந்தது, 95 லட்சம் டாலருக்கு உடன்பாடு வந்தது. மூன்றடி முன்னால் வைத்து, சத்தம் வந்தால் ஓரடி பின்வாங்குவது. மீதி இரண்டடி லாபம். இந்த நடையை நாங்கள் ஒவ்வொரு முறையும் பதிவெழுதிக் கண்டித்தோம். கண்டனப் பதிவின் அடியில் லைக் பொத்தான் இருந்தது.

இதையெல்லாம் கேட்டால், பழையபடி போக முடியாதா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். மொத்தமாக முடியாது. நீங்கள் ஒருவர் போகலாம். ஆர்எஸ்எஸ் சாகவில்லை, பாட்காஸ்ட் கேட்கிறீர்கள் என்றால் அநேகமாக அதன் வழியாகத்தான் கேட்கிறீர்கள், பெயர் தெரியாமலே. மாஸ்டடான் மாதிரி, ஒரு முதலாளி இல்லாமல் பல சர்வர்களில் பரவி நேர வரிசையில் ஓடும் தளங்களும் இருக்கின்றன. அங்கேயும் சண்டை உண்டு, சலிப்பு உண்டு, ஆள் குறைவு. நான் இருக்கிறேன்.

என் ஓடை வாசிப்பானில் இன்னும் அறுபது எழுபது வலைப்பதிவுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் உயிர் இல்லை; நீக்க மனம் வரவில்லை. போன மாதம் அதில் ஒரு பெயர் திடீரென்று தடித்த எழுத்தில் வந்தது. ஆறு வருடம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த பதிவர். திறந்து பார்த்தேன். வீடு மாறியதாகவும், நடுவில் உடம்பு சரியில்லாமல் போனதாகவும், இப்போது டெம்ப்ளேட்டை மாற்றியிருப்பதாகவும், எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார். கீழே பின்னூட்டப் பெட்டி வேலை செய்யவில்லை. பக்கவாட்டில் பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தது. எழுத்துரு கொஞ்சம் சிறியதாக இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்று எழுதிப் போட்டேன்.